எழுபது நாள் வாய் திறக்கவில்லை

என் மகன் என்னை முதன்முதலாகக் கூப்பிட்ட சொல் "சாச்சி." எங்கள் வீடுகளில் உம்மாவின் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனைப் பெற்றவள் நான். அந்தச் சொல்லை அவன் வாயில் வைத்தது என் ராத்தா, என் கூடப் பிறந்த மூத்தவள். "உம்மா" என்ற சொல்லை அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

முகத்துக்கு நேரே நான் அவளை "நீங்க" என்றுதான் கதைப்பேன். எழுதும்போது "அவள்" என்று எழுதுகிறேன். இதுவும் பழிவாங்கலில் சேர்த்திதான் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனங்களையெல்லாம் மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது எனக்கு நாலு வயது, அவளுக்குப் பதின்மூன்று. வள்ளத்தில் ஏறியதிலிருந்து கற்பிட்டிக் கரையில் இறங்கும்வரை என்னை மடியைவிட்டு இறக்கவில்லையாம். அதை நான் நினைவில் வைத்திருக்கத் தேவையே வரவில்லை, கிழமைக்கு ஒருமுறை அவளே சொல்லிக் காட்டுவாள். உம்மா அகதி முகாமிலேயே மௌத்தானார். பிறகு எனக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அவள்தான். அவளுக்கு மட்டும் பிள்ளை தங்கவில்லை. நாலு தரம் உண்டாகி, நாலும் மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துபோயின. நாலாவதற்குப் பிறகு அவளும் அவள் கணவரான மச்சானும் அந்தக் கதையையே எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

எனக்குக் கலியாணமாகி வெகுநாள் கழித்துத்தான் மகன் பிறந்தான். என் கணவர் நுரைச்சோலையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். கிழமையில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். நான் பாலாவிப் பக்கம் உப்புப் பொதி செய்கிற கொட்டகை ஒன்றில் வேலை செய்தேன். உப்பில் அயடீன் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு கரண்டி உப்பை வெள்ளைத் தட்டில் பரப்பி, அதில் மருந்து இரண்டு சொட்டு விடவேண்டும். நீலமாக மாறினால் சரி. மாறாவிட்டால் அந்தச் சாக்கைத் திருப்பி அனுப்பவேண்டும்.

மகன் பிறந்து இரண்டாம் மாதம் என் உடம்பு ஓடத் தொடங்கியது. அப்படித்தான் சொல்ல வருகிறது. உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு ஓடும். ஃபேனுக்குக் கீழே இருந்தும் சட்டை நனையும். மூன்று மடங்கு சாப்பிட்டேன், ஆனாலும் கைவளையல் முழங்கைவரை ஏறியது. கோபம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. ஒருநாள் ராத்தா, "புள்ளக்கிப் பால் பத்தல்ல, நீ ஒழுங்காத் திங்கிறல்ல" என்று சொன்னாள். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே எறிந்தேன். அது அவளுடைய கன்ன எலும்பில் பட்டு உடைந்தது. இரண்டு தையல் போட்டார்கள்.

நான் செய்தது அது. மறைக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் போனதும் அந்த ஓட்டம் தானாகவே நின்றது. நின்றது நல்லது என்றுதான் நினைத்தோம். பிறகு எல்லாமே நின்றுகொண்டு வந்தது. வெயில் காயும் மத்தியானத்தில் போர்வை கேட்டேன். முகம் ஊதியது. சீப்பில் முடி கற்றையாக வந்தது. குரல் ஆம்பிளைக் குரல்போலக் கரகரத்தது. ஒரு வசனத்தைத் தொடங்கி, பாதியில் எதற்குத் தொடங்கினேன் என்று மறந்து நிற்பேன். மகன் அழும் சத்தம் கேட்கும். எழும்பவேண்டும் என்றும் தெரியும். எழும்புகிறதற்கு மட்டும் ஏலாது.

"சோம்பல்" என்றாள் ராத்தா முதலில். பிறகு, "இது சும்மா சோம்பல் இல்ல, என்னமோ பட்டிரிக்கி" என்று சொல்லி, தில்லையடிக்கு அப்பால் ஓதிப் பார்க்கிற ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனாள். அவர் என் முகத்துக்கு நேரே புகையைப் பிடித்து, "இறங்கிப் போ, இறங்கிப் போ" என்று கத்தினார். எனக்கு நித்திரை வந்தது. கண் சொருகியதைப் பார்த்து, "பாத்தீங்களா, கேக்கிது" என்றார். ராத்தா அழுதாள். அந்த அழுகை உண்மையானது என்று இப்போதும் நம்புகிறேன். அதனால் என் கோபம் குறைந்ததில்லை.

மகனுக்கு எட்டு மாதமானபோது அது நடந்தது. காலை பத்துமணி இருக்கும், ராத்தா பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள். பேசினில் வெந்நீர் வைத்து அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். என் கை அவன் முதுகுக்குக் கீழே இருந்தது. அடுத்தது எனக்குத் தெரிந்தது, ராத்தா என்னைத் தள்ளிவிட்டு அவனைத் தூக்கியதும் அவன் இருமித் தண்ணீரைக் கக்கியதும்தான். நான் குந்தியிருந்தபடியே தூங்கிவிட்டேன்.

அவனைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஒரு கிழமைக்கி என்ட்ட இருக்கட்டும். நீ கொஞ்சம் சுகமாகு."

நான் தலையாட்டினேன். பயந்துபோயிருந்தேன். அந்த நேரத்தில் அவள் செய்தது சரி. அங்கேயே அவள் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஒரு கிழமை ஒரு மாதமானது. அவள் தெருத்தெருவாய்ச் சொன்னாள்: "தங்கச்சிக்கி விசர் புடிச்சிட்டு. புள்ளயத் தண்ணில அமுக்கினா. நான் போகாட்டி மையித்துத்தான்." எனக்குப் பைத்தியமாம், அமுக்கினேனாம். என் கணவருக்குத் தொலைபேசியில் அதையே சொன்னாள், கன்னத்துத் தையல் அடையாளத்தைப் படமெடுத்தும் அனுப்பினாள். அவர் லொறியை நிறுத்திவைத்து எனக்குக் கோல் எடுத்து, "புள்ள அங்கயே இருக்கட்டும், நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க" என்றார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் பிள்ளையைப் பார்க்கப் போனால் அவள் கதவடியிலேயே நின்று, "இப்பதான் தூங்கினான்" என்பாள். உள்ளே அவன் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

என் வருத்தம் உடம்பில் உள்ள நோய் என்று கண்டுபிடித்தது எங்கள் கொட்டகை மேற்பார்வையாளர். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண், என்னை எப்போதும் தங்கச்சி என்ற பொருளில் "நங்கி" என்று கூப்பிடுகிறவர். நீலமே ஆகாத உப்பை நான் "சரி" என்று அனுப்பிவிட்டேன், ஒருநாளில் மூன்று தரம். ஏசத்தான் வந்தார். வந்தவர் ஏசாமல் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நங்கி, கொஞ்சம் மேல பாருங்க. எச்சில் முழுங்குங்க."

முழுங்கினேன். அவர் தன் சேலைத் தலைப்பை விலக்கித் தன் கழுத்தைக் காட்டினார். குறுக்கே ஒரு மெல்லிய தழும்பு. "எனக்கு வெட்டி எடுத்தது. உங்களுக்கும் அதே இடத்துலதான் வீங்கி இரிக்கி. நாளைக்கு லீவு போடுங்க, நான் கூட்டிப் போறேன்."

சிலாபத்தில் என்னைப் பார்த்தது வயது குறைந்த ஒரு பெண் டொக்டர். இரத்தம் எடுத்தார்கள், கழுத்தை ஸ்கேன் பண்ணினார்கள். இரண்டாம் தரம் போனபோது டொக்டர் ரிப்போட்டை மேசையில் வைத்து, நாலு ஐந்துக்குள் நிற்கவேண்டிய ஓர் எண் எனக்கு நூறைத் தாண்டியிருப்பதைக் காட்டினார்.

"நான் உப்புலதான் மிஸ் வேலை செய்றேன். அயடீன் குறைய நியாயமில்லயே" என்றேன்.

"இது அயடீன் குறைஞ்சு வந்ததில்ல" என்றார். நிதானமாக, சிங்களம் கலந்த தமிழில் விளங்கப்படுத்தினார். உடம்பைக் காக்கவேண்டிய காவல்காரர்களே தைரொயிட் சுரப்பியை எதிரியென்று நினைத்து அடிக்கிறார்கள். அடிபட்டு உடையும்போது, உள்ளே சேர்த்துவைத்த ஹோர்மோன் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். அதுதான் என் உடம்பு ஓடிய மாதங்கள். கொட்டி முடிந்ததும் கிண்ணம் காலி. அதுதான் இந்த நித்திரை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இப்படித் தொடங்குவது புதினமில்லையாம். ஒரே வருத்தம்தான் இரண்டு முகத்தைக் காட்டியிருக்கிறது.

நான் அழுதேன். விசர் இல்லை என்று ஒருவர் கடுதாசியில் எழுதித் தந்த முதல் நாள் அது.

பிறகு டொக்டர் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது தைரொயிட் இரிக்கா? இது இரத்தத்துல வாறது. சிலருக்கு உங்களப்போல அடங்கிப்போகும். சிலருக்குத் தலைகீழா வரும், சுரப்பி நிக்காம ஓடும், கை நடுங்கும், மெலிவாங்க. அடிக்கடி கரு கலைஞ்சவங்க யாரும்?"

ராத்தாவின் முகம் உடனே வந்தது. நாலு தரம்.

"ஒருத்தருமில்ல மிஸ்" என்றேன்.

"சகோதரிகள் இருந்தா இரத்தம் பாக்கச் சொல்லுங்க."

"ஓம்" என்றேன்.

டொக்டர் எழுதித் தந்த குளுசை சின்னது, வெள்ளை. விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டு, அரைமணி நேரம் எதுவும் தின்னாமல் இருக்கவேண்டும். மூன்றாம் மாதம் என் குரல் திரும்பி வந்தது. ஆறாம் மாதம் நான் நானாகிவிட்டேன். ரிப்போட்டை எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவுமில்லை.

"குளுசையால வாற சுகம் குளுசை நிண்டாப் போயிரும்" என்றாள். "அவன் இஞ்ச நல்லாத்தானே இரிக்கான்."

அப்போதுதான் மகன் அறைக்குள்ளிருந்து தத்தித்தத்தி வந்து, என்னை அண்ணாந்து பார்த்து, "சாச்சி" என்றான். அவள் சிரித்தாள். "கெட்டிக்காரன், ஆளக் கண்டதும் சொல்லுறான் பாத்தியா" என்றாள். அவளுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. அந்தச் சிரிப்பை இன்னும் அவள் முகத்தில் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் என் கணவரையும் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த ஒரு பெரியவரையும் கூட்டிப்போய், டொக்டரின் கடிதத்தை அவர்கள் முன்னால் சத்தமாக வாசித்து, மகனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் அவளைப் பார்த்து "உம்மா, உம்மா" என்று கத்தினான். தெரு முழுக்கப் பார்த்தது. பதினொரு நாள் சாப்பாடு இறங்காமல் அழுதான். ஒவ்வொரு நாளையும் அவள் பேரில் எழுதி வைத்தேன்.

ராத்தாவுக்குத் தொடங்கியது அதற்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு, நோன்புப் பெருநாள் அன்று. வட்டிலப்பம் வெட்டித் தட்டில் வைத்தாள், தட்டு மேசையில் கடகடவென்று அடித்தது. கை நடுங்கியது. கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தாள். கண் விரிந்து, ஏதோ கண்டு திடுக்கிட்டவளைப்போல இருந்தாள். வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் தங்களுக்குள் சொன்னார்கள்: "புள்ளயப் பிரிஞ்ச ஏக்கம்."

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாசமாகக் கையைப் பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு நூற்றிப் பன்னிரண்டு. சும்மா கதிரையில் இருக்கிற பெண்ணுக்கு நூற்றிப் பன்னிரண்டு.

"என்ன புள்ள கையப் புடிச்சிக்கிட்டு இரிக்கிறாய்?" என்றாள்.

"சும்மாதான் ராத்தா. மெலிஞ்சிட்டீங்க."

"நீ புள்ளயக் கொண்டுபோனதிலேர்ந்து தின்னத் தின்ன உடம்புல ஒட்டுதில்ல."

ஒரு வசனம் போதும். "ராத்தா, சிலாபத்துக்குப் போய் இரத்தம் பாருங்க." நாக்கு நுனிவரை வந்தது. நான் வட்டிலப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மிகவும் இனிப்பாக இருந்தது.

அன்றிலிருந்து எழுபது நாள். கிழமைக்கு ஒருமுறை மகனைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பார்க்கத்தான் போனேன். எடுத்தெறிந்து பேசுவாள், மச்சானை ஏசுவாள், உடனே அழுவாள். படியேறினால் மூச்சு வாங்குவாள். என் உடம்பு ஓடிய மாதங்கள் எல்லாவற்றையும் அவள் உடம்பில் திரும்பப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நானே சொன்னேன், அவள் என்னைப் பற்றிச் சொன்ன அதே சொல்லில்: "ராத்தாக்கி விசர் புடிச்சிட்டு போல." அந்தப் பெண் வாயில் கைவைத்தாள். பின்னேரத்துக்குள் அது நாலு தெரு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மச்சான் என்னிடம் வந்து கேட்டார். நல்ல மனிசன், சந்தையில் கருவாடு விற்கிறவர். "தங்கச்சி, என்ன செய்யுறது? ராவெல்லாம் தூங்குறா இல்ல. உங்களுக்கு வந்த மாதிரி ஏதும் வருத்தமா இரிக்குமா?"

கேட்டுவிட்டார். நேராகவே கேட்டுவிட்டார்.

"எனக்கு வந்தது நித்திரை மச்சான், அவக்கு வந்தது நேர் எதிர்" என்றேன். "என்னயக் கொண்டுபோய்க் காட்டின ஆள் இரிக்காரே, ஓதிப் பாக்கிறவர், அவர்ட்டக் காட்டுங்க. ராத்தாக்கி அவர்ல நல்ல நம்பிக்கை."

கூட்டிப்போனார். முகத்துக்கு நேரே புகையைப் பிடித்தார்களாம். ராத்தா இருமி இருமி எழும்பி ஓடினாளாம். அதைக் கேட்ட அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் காலை, குர்பான் இறைச்சியைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மச்சான் கோல் எடுத்தார், நான் ஓட்டோ பிடித்துப் போனேன். வாயில் வெள்ளையாய் நுரை, நெஞ்சு சட்டைக்கு மேலால் துள்ளுவது தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்கு வயர்களைப் பொருத்தினார்கள். இதயம் தாளம் தப்பி ஓடுகிறது என்றார் அங்கிருந்த டொக்டர். முன்னமே ஏதும் வருத்தம் இருந்ததா என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் இல்லையென்று தலையாட்டினார்.

நான் முன்னால் வந்தேன். பயம்தான் தள்ளியது. அவள் செத்துப்போனால் நான் யாரைப் பழிவாங்குவது?

"டொக்டர், தைரொயிட் பாருங்க. எனக்கு இரிக்கி, காவல்காரனே அடிக்கிற வருத்தம். இவ என் சொந்த ராத்தா. நாலு தரம் கரு கலைஞ்சிரிக்கி. கை நடுக்கம், மெலிவு, நாடி நூற்றிப் பன்னிரண்டு."

டொக்டர் எழுதிக்கொண்டே, "நாடி எப்ப எண்ணினீங்க?" என்று கேட்டார்.

"நோன்புப் பெருநாளண்டு."

அவர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி இரத்தம் எடுக்கச் சொன்னார். ராத்தா கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள்.

இரத்தம் நான் சொன்னதையே சொன்னது. என்னுடையதன் மறுபக்கம். ஒரே மரத்தின் இரண்டு கிளை என்றார் டொக்டர். அவளுடைய காவல்காரர்கள் சுரப்பியை உடைக்கவில்லை, நிற்காமல் ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறார்கள். இதயத்தை அடக்க ஒரு குளுசை, சுரப்பியை அடக்க இன்னொன்று. மூன்றாம் நாள் அவளுக்குப் பேசமுடிந்தது. மச்சான் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார்.

"உனக்குத் தெரிஞ்சிரிக்கி" என்றாள்.

"ஓம்."

"எழுபது நாளா?"

அவளும் எண்ணியிருந்தாள். "எழுபது நாள்" என்றேன். "என் புள்ள உங்கட்ட ஒரு வருஷம் இருந்திச்சி ராத்தா."

சுவரைப் பார்த்துப் படுத்தாள். சுவரைப் பார்த்தபடியே, "டொக்டர்ட்டக் கேளு" என்றாள். "என்ட நாலும் இதாலயா போனது எண்டு கேளு."

இதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. கேட்டேன். இருக்கலாம் என்றார், இந்த எதிர்ப்புச் சக்திகள் பல வருஷம் வெளியே தெரியாமல் இரத்தத்தில் கிடக்குமாம், கருவைத் தங்கவிடாமலும் செய்யுமாம். இப்போது உறுதியாகச் சொல்ல ஏலாதென்றார். அப்போதே யாராவது இரத்தம் பார்த்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். திரும்பிப் போய் அவளிடம் "இரிக்கலாமாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் வாய் கோணி அழுததைப் பார்த்தேன். பாவம் என்று நினைத்தேன். போதும் என்று நினைக்கவில்லை.

மச்சான் என்னோடு ஒரு வருஷம் கதைக்கவில்லை. கடைசியில் கதைத்தபோதும் ஒன்றுதான் கேட்டார்: "என்னய அந்த ஆள்ட்ட நீங்கதானே தங்கச்சி அனுப்பினீங்க?" இந்தக் கதையில் எனக்கு வெட்கம் உள்ள இடம் அது ஒன்றுதான்.

குளுசையால் அவளுடைய சுரப்பி அடங்கவில்லை. கொழும்புக்குக் கூட்டிப்போய், கதிர்வீச்சுள்ள அயடீனைக் குடிக்கக் கொடுத்தார்கள். வீடு வந்தபிறகும் கொஞ்சநாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அதை மகனிடம் நானே சொன்னேன்: "பெரியம்மாட்டப் போக ஏலாது வாப்பா, டொக்டர் வேணாமெண்டிட்டார்." அவன் வாயில் "பெரியம்மா" என்று பழக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது. அந்த மருந்து அவள் சுரப்பியைச் சுட்டு அணைத்துவிட்டது. இப்போது அவளுக்கும் நித்திரை, குளிர், முகவீக்கம். அவளும் விடிந்ததும் வெறும் வயிற்றில் என்னுடைய அதே வெள்ளைக் குளுசையைத்தான் போடுகிறாள். எந்த வழியால் வந்தாலும் கடைசியில் இரண்டு பேரும் நிற்பது ஓரிடத்தில்தான் என்று டொக்டர் சொன்னபோது, அதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மகனுக்கு இப்போது ஏழு வயது.

போன ஞாயிறு ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருந்தாள். உச்சமுனைத் தீவில் மச்சானுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் வள்ளத்தில் போய் வரலாம், பிள்ளையை அனுப்புவியா என்று கேட்டாள். காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிடலாம் என்றாள்.

"ஏலாது ராத்தா."

"நானும் மச்சானும்தான் புள்ள. கையப் புடிச்சிக்கிட்டே இருப்பேன்."

"ஏலாது."

"இன்னும் எத்தின வருஷத்துக்கு?" என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"தெரியாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

எழும்பிப் போனாள். யன்னலால் பார்த்தேன். கற்பிட்டி பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மற்றக் காலைத் தூக்க ஏலாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொண்டக்டர்தான் இறங்கி வந்து கையைக் கொடுத்தான். மகன் என் பக்கத்தில் வந்து, "பெரியம்மா ஏன் அதுக்குள்ள போயிட்டா?" என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அவனைக் கை கழுவிவிட்டுச் சாப்பிட வரச்சொன்னேன்.